தையல் மெஷின் நகரவில்லை, வீடுதான் நகர்ந்தது

1

எங்கள் வீட்டுச் சலவை மெஷின் போன மாதம் நின்றுபோனது. தண்ணீரைக் குடித்துவிட்டு, துணிமணிகளையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, கதவைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் பதறவில்லை. உத்தரவாதக் காலம் முடியவில்லை. பற்றுச்சீட்டு இருந்தது, உத்தரவாதப் பத்திரம் இருந்தது, இரண்டையும் எங்கே வைத்தேன் என்ற ஞாபகமும் இருந்தது. இங்கிலாந்தில் ஒரு நகரசபையின் அனுமதிப்பத்திரப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இங்கே வருவதற்கு முன் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் நீதிமன்றக் கந்தோரில் கிளாக்கர். ஒரு கடுதாசியின் முன்பக்கத்தைக் காட்டினால் அதன் பின்பக்கத்தில் என்ன எழுதியிருப்பார்கள் என்று சொல்லிவிடுவேன்.

கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். நெடுநேரம் இசை கேட்கவைத்த பிறகு ஒரு பெண்பிள்ளை வந்தாள். பெயர் கேட்டாள், விலாசம் கேட்டாள். பிறகு மிகவும் அன்பாக, "அந்த வீடு உங்கள் சொந்த வீடுதானே?" என்றாள்.

"இல்லை. மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் பின்னறையில் இருக்கிறேன்" என்றேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். எங்கள் ஊரில் மகளுக்கு வீடு கொடுத்தவன் அப்படித்தான் சொல்வான்.

அந்தப் பக்கத்தில் விசைப்பலகை தட்டும் சத்தம் நின்றது. உத்தரவாதம் மெஷினை வாங்கியவருக்கு, அவருடைய சொந்த வீட்டில் மட்டும்தான் செல்லும் என்றாள். வீடு கைமாறினால் உத்தரவாதமும் முடிந்துவிடுமாம். பத்திரத்தின் பின்பக்கத்தில் இருக்கிறதாம். தனக்கு மிகவும் வருத்தம் என்றாள். இந்த நாட்டில் வருத்தப்படாமல் எதையும் மறுக்கமாட்டார்கள்.

மகள் சமையலறையில் ஈரத் தரையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் பேசும் தமிழில் எல்லா மனிதரும் அஃறிணைதான். "வாப்பா ஏன் உண்மை சொல்லுது? ஓம் எண்டு மட்டும் சொன்னாக் காணும்தானே?" என்றாள்.

வீடு யாருடையது என்ற கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் இன்னொருவரும் ஒருமுறை இப்படி உண்மையைச் சொல்லியிருக்கிறார். அது ஐம்பதுகளில், சாய்ந்தமருதில். என் ராத்தா, அதாவது அக்கா, சொன்னா. அப்போது நடுவில் நின்றது ஒரு தையல் மெஷின்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் உங்கள் பிள்ளைகளும் இப்போது அங்கே இங்கே என்று போய்விட்டார்கள், ஆகவே சொல்லிவைக்கிறேன். எங்கள் கரையில் மகளைக் கட்டிக் கொடுக்கும்போது வீட்டையும் கொடுத்துவிடுவார்கள். சீதன உறுதி எழுதி, மகளை உள்ளே இருத்தி, மாப்பிள்ளையை அழைத்து வந்து குடிவைத்துவிட்டு, பெற்றோர் தங்கள் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு அதே வளவின் ஓரத்தில் ஒரு கிடுகுக் குடிலுக்குப் போவார்கள். இதில் யாருக்கும் வருத்தமில்லை. வீட்டில் இருந்துகொண்டே மகளைக் கட்டிக் கொடுத்தவனைத்தான் ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

என் வாப்பா ஆதம்பாவா நெல் வியாபாரம் செய்தவர். ராத்தா செயினம்பு ஊரில் பேர்பெற்ற தையல்காரி. கையால் தைத்துத் தைத்து அவவின் விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து. அவவின் கல்யாணத்துக்கு முந்திய வருடம் ஒரு கம்பனியின் ஏஜண்டு மாட்டு வண்டியில் தையல் மெஷின் ஏற்றிக்கொண்டு வந்தார். தவணைக்கு எடுக்கலாம், மாதாமாதம் கட்டலாம், கடைசித் தவணை கட்டியதும் மெஷின் உங்களுக்கு என்றார். வாப்பா சம்மதித்தார். நான் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தேன். ஏஜண்டு இங்கிலீசில் அச்சடித்த ஒப்பந்தம் ஒன்றை நீட்டி, ஒரு புள்ளடி போட்டுக் காட்டி, "இதில வையுங்க" என்றார். வாப்பா கையெழுத்தை வைத்தார். நெல் வியாபாரத்தில் ஆயிரம் மூடைக்கும் வாயால்தான் பேச்சு. எழுத்து என்று வந்தால் மறுப்பது மரியாதையில்லை என்று நினைப்பவர் அவர்.

மெஷினை வீட்டு விறாந்தையின் மூலையில் வைத்தார்கள். அதன் கழுத்தில் ஒரு பித்தளைத் தகடு அறையப்பட்டிருந்தது. கம்பனியின் சொத்து என்று அதில் இருந்தது. ராத்தா அதைத் தினமும் சாம்பல் போட்டுத் துலக்குவா.

அடுத்த வருடம் கல்யாணம் நடந்தது. வீடு ராத்தாவுக்கு எழுதப்பட்டது. வாப்பாவும் உம்மாவும், கல்முனைக்கு மாற்றலாகி வந்திருந்த நானும் குடிலுக்குப் போனோம். மெஷின் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு தவணைகூடத் தவறவில்லை.

3

நோன்புக்குக் கொஞ்சம் முந்தி ஏஜண்டு வந்தார். மட்டக்களப்புப் பக்கத்து மனிதர், குடை, கோட்டு, வியர்வை. மெஷின்களைப் பார்வையிடுவது அவருடைய கடமையாம். விறாந்தை முழுக்கப் பெருநாள் துணி அடுக்கியிருந்தது. ஊரில் பாதிப் பேரின் சட்டையும் சட்டைத்துணியும் அங்கே கிடந்தன. ராத்தா கதவு மறைவில் நின்று பதில் சொன்னா. நான் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அதனால் முழுவதும் கேட்டது.

"ஆதம்பாவா இஞ்ச இருக்கிறாரோ, பிள்ள?"

"வாப்பா அந்தக் குடில்ல ரிக்காங்க."

"அப்ப இந்த வீடு ஆரிட?"

"என்ட ஊடு. எனக்குச் சீதனமா எழுதின" என்றா ராத்தா. புதுமணப்பெண் வேறு எப்படிச் சொல்வாள்?

"மெஷின்?"

"அதுவும் எனக்குத்தான் வாப்பா எடுத்துத் தந்த."

ஏஜண்டு குடையைச் சுவரில் சாத்தினார். பையிலிருந்து ஒப்பந்தத்தின் பிரதியை எடுத்தார். அதை அவர் வாசித்ததைப் பார்த்தபோது அவரும் அன்றுதான் முதல்முறை வாசிக்கிறார் என்று எனக்குப் பட்டது. பிறகு சொன்னார்: வாப்பா மெஷினைக் கம்பனியிடம் கேட்காமல் வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார். ஒப்பந்தம் முறிந்தது. அடுத்த கிழமை வண்டி கொண்டு வருவார். இதுவரை கட்டிய தவணையெல்லாம் வாடகையாகக் கழிந்துவிடும், ஒன்றும் திரும்பாது.

உம்மாதான் குடிலில் இருந்து சத்தம் போட்டா: "வேற ஆரு கை? என்ட மகள்ட கை, வேற கையா? அந்த மனிசனுக்குக் கண் தெரியாதா?"

"உம்மா, சட்டத்துக்குக் கண் தெரியாது" என்றேன். அப்போதே எனக்குக் கொஞ்சம் வாய் இருந்தது.

4

அன்று இரவே, இல்லை, பொய் சொல்லக்கூடாது, அடுத்த நாள் கந்தோரில் சாப்பாட்டு நேரத்தில் ஒப்பந்தத்தை விரித்துப் படித்தேன். அச்சுக்கோர்ப்பவனுக்கே கண்ணீர் வந்திருக்கும், அவ்வளவு சிறிய எழுத்து.

ஏழாம் நிபந்தனை: மெஷினை எந்த வீட்டில் வைத்துக் கொடுத்தோமோ அந்த வீட்டைவிட்டு, எழுத்துமூல அனுமதி இல்லாமல், நகர்த்தக்கூடாது.

எட்டாம் நிபந்தனை: மெஷினை எடுத்தவர் அதைத் தன் வசிப்பிடத்தில், தன் கைவசமே வைத்திருக்க வேண்டும்.

கொழும்பில் இரண்டையும் எழுதிய கனவானுக்கு இதில் ஒரு சிக்கலும் தெரிந்திராது. அவருடைய உலகத்தில் மனிதன் நகர்வான், வீடு நகராது. எங்கள் ஊரில் மகளுக்குக் கல்யாணம் என்றால் மனிதனும் மெஷினும் இருக்க, வீடு அவர்களுக்குக் கீழே இருந்து நழுவிப் போய்விடும். மெஷினைக் குடிலுக்குத் தூக்கினால் ஏழு முறியும். வீட்டில் விட்டால் எட்டு முறியும். வாப்பா இரண்டையும் காப்பாற்றுவதற்கு ஒரே வழி ராத்தாவைக் கட்டிக் கொடுக்காமல் விடுவதுதான்.

பிரக்கிராசியாரிடம் போனேன். சட்டத்தரணியைத்தான் அந்த நாளில் அப்படிச் சொல்வோம். தடித்த கண்ணாடி, நல்ல மனிதர்.

"ஐயா, கருத்து மயக்கமாக எழுதியிருந்தால் எழுதினவனுக்கு எதிராத்தான் வாசிக்கவேணும் எண்டு ஒரு விதி இருக்குதுதானே?" என்று என் படிப்பைக் காட்டினேன்.

"இருக்கு தம்பி. ஆனா இதில மயக்கம் எங்க? ஏழும் வெளிச்சம். எட்டும் வெளிச்சம். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் இருட்டு."

"வாப்பாக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதே?"

"கையெழுத்து வைக்கத் தெரியுமெல்லா? சட்டத்துக்கு அது காணும்."

ஒரு விஷயத்தை நான் பிறகு இந்த நாட்டுக்கு வந்துதான் அறிந்தேன். எங்களை ஆண்டவர்கள் தங்கள் ஊரில் இதற்கெல்லாம் முன்பே சட்டம் வைத்திருந்தார்கள். மூன்றிலொரு பங்கைக் கட்டிவிட்டவரிடம் இருந்து நீதிமன்றத்தைக் கேட்காமல் பொருளைப் பறிக்கக்கூடாது என்று. தேயிலைக்கும் ரயிலுக்கும் கப்பலில் இடம் இருந்தது. அந்தச் சட்டத்தை மட்டும் ஏற்ற மறந்துபோனார்கள். நாங்களும் சுதந்திரம் கேட்ட அவசரத்தில் அதைக் கேட்காமல் விட்டுவிட்டோம்.

அனுமதி கேட்டுக் கம்பனிக்கு எழுதினேன். அச்சடித்த பதில் ஒன்று உடனே வந்தது: விண்ணப்பம் உரிய படிவத்தில் மட்டுமே ஏற்கப்படும், படிவம் ஏஜண்டிடம் கிடைக்கும். ஏஜண்டிடம் போனேன். ஒப்பந்தத்தை முறிக்காதவருக்கு மட்டும்தான் படிவம் கொடுக்கலாம் என்றார். முறித்தது சரியா பிழையா என்று யார் தீர்ப்பது என்று கேட்டேன். கம்பனி என்றார். கம்பனிக்கு எப்படி எழுதுவது என்றேன். படிவத்தில் என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் வெட்கப்பட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. அவரும் வேறொரு கடுதாசியில் கையெழுத்து வைத்தவர்தான்.

பிரக்கிராசியாரிடம் திரும்பவும் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தபடியே சொன்னார்: "மெஷின நகர்த்த ஏலாது. வீட்ட நகர்த்த ஏலாது. ஆனா தம்பி, ஆள நகர்த்தக்கூடாதெண்டு ஒரு நிபந்தனையும் இல்லையே?"

5

அன்று பின்னேரம் குடிலில் இதைச் சொன்னபோது வாப்பா என்னை மார்க்கம் விட்டுப்போன ஒரு காபிரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மருமகன் ரிக்கிற ஊட்டுல நான் போய்ப் படுக்கிறதா? ஊர் என்ன கதைக்கும்? குடுத்த ஊட்டத் திரும்பப் புடிச்சிட்டான் எண்டு செல்லுவானுகள்."

"அப்ப செயினம்புர மெஷின வண்டில ஏத்தி உடுங்க" என்றா உம்மா. "பெருநாளைக்கு ஊர்ச் சனம் துணியப் போத்திக்கிட்டுத் தொழப் பள்ளிக்குப் போகட்டும்."

"நீயும் வா, அப்ப."

"நான் எப்பிடி வாற? மருமகனுக்கு முன்னால நான் இதுவரைக்கும் முகம் காட்டி இல்ல. மெஷின எடுத்த ஆள் நீங்க. நீங்க போங்க."

வாப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். வளவின் ஓரத்தில் இருந்து விறாந்தைக்கு. அவர் வாழ்க்கையில் செய்த மிக நீளமான பயணம் அதுதான் என்று நினைக்கிறேன். நான் என் பங்குக்கு நடைமுறைகளைக் கவனித்தேன். அரிசிக் கூப்பன் புத்தகத்தில் வாப்பாவின் பெயரை ராத்தா வீட்டுக்கு மாற்றினேன். கிராம அதிகாரியான விதானையாரிடம் வதிவிடப் பத்திரம் எடுத்தேன். அவர் எழுதும்போதே சிரித்தார். "ஒங்க வாப்பா மருமகனா வந்திரிக்காரா?" என்றார்.

ஏஜண்டு வண்டியோடு வந்தார். வாப்பா மெஷினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, அதன் சில்லில் ஒரு கையை வைத்தபடி இருந்தார்.

"என்ன ஆதம்பாவா, இஞ்ச என்ன செய்றீர்?"

"குடியிரிக்கன்."

"இது மகள்ட வீடெல்லோ?"

"ஓம். அவள் வாப்பாவப் பாக்கிற புள்ள."

"அப்ப மெஷின்?"

"நிண்ட இடத்தில நிக்கிது. என்ட கைவசம் ரிக்கிது. கை தெரியுதெல்லா?"

கூப்பனையும் விதானையாரின் பத்திரத்தையும் நான் நீட்டினேன். ஏஜண்டு இரண்டையும் பார்த்தார், ஒப்பந்தத்தைப் பார்த்தார், வண்டிக்காரனைப் பார்த்தார். "சரி. ஆனா நான் எந்த நேரமும் வருவன். நீர் இல்லாட்டி மெஷினும் இல்ல" என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு போனார். ராத்தா அவர் படலையைத் தாண்டும்முன்பே மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டா.

வென்றுவிட்டோம் என்று நான் நினைத்தேன். நடைமுறை தெரிந்தவனுக்கு வரும் முதல் மயக்கம் அதுதான்.

கடைசித் தவணை ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் பிறகுதான். அதுவரை வாப்பா வீட்டைவிட்டு அசையக்கூடாது. என் மச்சான், ராத்தாவின் மாப்பிள்ளை உதுமாலெவ்வை, அருமையான மனிதர், ஆனால் சுருட்டுப் பிரியர். மாமனார் முன்னால் மருமகன் சுருட்டுப் பற்றவைப்பது எங்கள் ஊரில் அந்த நாளில் நடவாத காரியம். கால்மேல் கால் போடமுடியாது. சத்தமாகச் சிரிக்கமுடியாது. புதுப் பெண்சாதியோடு இரண்டு வார்த்தை கதைக்கமுடியாது. விறாந்தையில் வாப்பா ஒருமுறை இருமினால் உள்ளே இரண்டு பேரும் ஊமையாகிவிடுவார்கள். வாப்பாவுக்கும் சுகமில்லை. மருமகன் வரும் சத்தம் கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். நோன்பு மாதத்திலாவது பகலில் யாருக்கும் சுருட்டு இல்லை. பெருநாள் துணியெல்லாம் தைத்துக் கொடுத்தாயிற்று. பெருநாள் கழிந்தது. வாப்பா கழியவில்லை.

6

ஒருநாள் மச்சான் என் கந்தோர் வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், ஒரு கதை."

"செல்லுங்க."

"மாமா இன்னும் எவ்வளவு காலம் இரிப்பார்?"

"தவணை முடியும் மட்டும்."

"அது மட்டும் நான் கடக்கரையில போயா சுருட்டுக் குடிக்கிற? நேத்து மழ. தோணிக்குக் கீழ குந்திக்கிட்டுக் குடிச்ச. ஆக்கள் பாத்துச் சிரிக்கானுகள். எனக்குச் சீதனம் ஊடா, தோணியா?"

நான் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

"மிச்சத்த ஒரேயடியாக் கட்டினா?" என்று கேட்டார்.

"கட்டலாம். ஆனா மெஷின எடுத்தவர் கையாலதான் கட்டவேணும். ஒன்பதாம் நிபந்தனை."

"என்ட காச மாமா வாங்குவாரா?"

"மெஷினக் குடுத்தாலும் குடுப்பார், வாங்கமாட்டார்."

மச்சான் யோசித்தார். சுருட்டு இல்லாத மனிதன் எவ்வளவு கூர்மையாக யோசிப்பான் என்று அன்று கண்டேன். அவர் காசை ராத்தாவிடம் கொடுத்தார். ராத்தா, பெருநாள் தையலில் வந்தது என்று சொல்லி அதைக் குடிலுக்குக் கொண்டுபோய் உம்மாவிடம் கொடுத்தா. உம்மா அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து, மச்சான் வெளியே போன நேரம் பார்த்து, விறாந்தைக்கு வந்து வாப்பாவிடம் கொடுத்தா.

வாப்பா முடிச்சை அவிழ்த்தார். தாள்களை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"செயினம்புர காசில ஏன் சுருட்டு வாசம் வருது?"

உம்மா கூரையைப் பார்த்தா. வாப்பா தாள்களை மடித்து மடியில் செருகினார். பிறகு தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு, "படலையத் திற, தம்பி. நான் ஏஜண்டிட்டப் போறன்" என்றார்.

கட்டி முடித்துத் திரும்பி வரும்போது பாயைச் சுருட்டக்கூட நிற்கவில்லை. நேரே குடிலுக்குப் போனார். அன்று பின்னேரம் விறாந்தையில் இருந்து வந்த சுருட்டுப் புகையைப்போல ஒரு புகையை நான் பிறகு எந்த ரயில் நிலையத்திலும் கண்டதில்லை.

பித்தளைத் தகடு மட்டும் மிச்சம். அதைக் கழற்றக் கம்பனி ஆள்தான் வரவேண்டும், அதற்கு விண்ணப்பிக்கவேண்டும், விண்ணப்பம் உரிய படிவத்தில் இருக்கவேண்டும். நான் விண்ணப்பிக்கவில்லை. எனக்கும் அலுப்பு வரும்.

7

சலவை மெஷின் கம்பனிக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். நுகர்வோர் பேரம்பேச இடமில்லாமல் அச்சடித்து நீட்டப்படும் ஒப்பந்தத்தில், அநியாயமான நிபந்தனை ஒன்று இருந்தால் அது அவரைக் கட்டுப்படுத்தாது என்று இப்போது இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. அதை எடுத்துக்காட்டினேன். மகள் வீட்டில் துவைத்தால் மெஷினுக்கு என்ன நோய் வரும் என்று விளக்கம் கேட்டேன். கம்பனி தன் தவறை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ணத்தின் பேரில், புது மெஷினே அனுப்பிவிட்டது. நல்லெண்ணம் என்பது சட்டத்தின் பெயரைக் கண்டதும் கம்பனிகளுக்கு வரும் ஒருவகைக் காய்ச்சல்.

புது மெஷினோடு புதுக் கடுதாசியும் வந்தது. லெஸ்டரில் பிறந்த குஜராத்திப் பையனான என் மருமகன், வாயில் சிகரெட்டோடு, வாசிக்காமலே கையெழுத்து வைத்தான். பின்பக்கத்தைப் பார் என்றேன். "அங்கிள், இதையெல்லாம் யார் வாசிக்கிறார்கள்?" என்று சிரித்தான். பின்பக்கத்தை நான் வாசித்தேன். அதே நிபந்தனை அங்கேயேதான் இருந்தது. சட்டம் செல்லாது என்று சொன்ன பிறகும் அச்சடிப்பதில் அவர்களுக்கு என்ன நட்டம்? ஆயிரம் பேரில் ஒருவன் கடிதம் எழுதுவான், மற்றவர்கள் வருத்தத்தைக் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிடுவார்கள்.

சாய்ந்தமருதுக்குத் தொலைபேசி எடுத்து ராத்தாவிடம் என் வெற்றியைச் சொன்னேன். அவ இப்போது குடிலில் இருக்கிறா. வீட்டை மகளுக்குக் கொடுத்து, மகளும் தன் மகளுக்குக் கொடுத்தாயிற்று. மெஷின் அதே மூலையில், அதே தகட்டோடு நிற்கிறதாம். பேத்தி அதில் தைக்கிறாளாம். கம்பனி எப்போதோ பூட்டப்பட்டுவிட்டது.

ராத்தா முழுவதையும் பொறுமையாகக் கேட்டா. சட்டத்தைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டா.

"தம்பி, ஒங்கட மருமகன் சிகரட்டுக் குடிக்கிறவரெல்லா?"

"ஓம்."

"எங்க போய்க் குடிக்கிற?"

"எங்கயும் போற இல்ல. எனக்கு முன்னாலதான். பெட்டிய நீட்டி, எனக்கும் ஒண்டு வேணுமா எண்டு கேப்பான்."

"எங்கட ஆள் தோணிக்குக் கீழ குந்தின" என்று ராத்தா சிரித்தா.

"அப்ப ஒங்களுக்குச் சட்டம் தேவைதான்" என்றா.